முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா? மனக்காயச் சிகிச்சை பற்றி ஒரு கேள்வி

ஜன்னலோரம்:

வணக்கம். ஆறேழு மாதமாக இங்கே வாசிக்க மட்டும்தான் செய்கிறேன். எழுதுவது இதுவே முதல் தடவை. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே சில விஷயங்கள் நடந்தன. விவரம் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை, குடும்பம் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் கை சில்லிட்டுப் போகும். பின்னாலிருந்து தோளைத் தொட்டுவிட்டால் அரை மணி நேரம் யார் பேசினாலும் காதில் ஏறாது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அவ்வளவுதான், விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு போன வருடம் ஓர் ஆலோசகரிடம் போனேன். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட இருக்காது, "ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், கொட்டித் தீர்த்தால்தான் பாரம் இறங்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கே தெரிந்தது. சொன்னேன். முக்கால் மணி நேரம் சொன்னேன். அப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தொடரலாம் என்று எழுந்துவிட்டார். வெளியே வந்து வண்டிச் சாவியைத் தேடிப் பையை மூன்று தடவை கொட்டினேன். சாவி இடது கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அடுத்த பத்து நாள் தூக்கம் கெட்டது. பல வருடமாக வராத முகமெல்லாம் வந்தது. திரும்ப அங்கே போகவில்லை.

இப்போது ஒரு தோழி வேறொருவரைச் சொல்கிறாள். "அவர் ட்ராமா இன்ஃபார்ம்ட் முறையில் பார்ப்பவர், பயப்படாமல் போ" என்கிறாள். அப்படியென்றால் என்ன? பெயர் மட்டும்தான் வேறா? எல்லாவற்றையும் மறுபடி சொல்லியாக வேண்டுமா? சொல்லாமல் குணமாக வழி உண்டா?

நிழல்மரம்:

ஜன்னலோரம், நான் ஆலோசகராகப் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு என்ன என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: பத்து நாள் தூக்கம் கெட்டது உங்கள் பலவீனம் இல்லை. அவசரப்பட்டது அந்த அறை.

இந்தப் பெயரில் இரண்டு விஷயங்கள் கலந்துபோய்விட்டன. முதலில் அதைப் பிரித்துவிடலாம். ஒன்று, மனக்காயத்தை அறிந்து நடந்துகொள்வது. வந்திருப்பவர் எதையாவது தாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்ற நினைப்போடு பேசுவது, தொடுவது, கேள்வி கேட்பது. இது சிகிச்சை அறைக்கு மட்டும் உரியதில்லை. பல் மருத்துவர், பள்ளி ஆசிரியர், காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்பவர் என்று யார் வேண்டுமானாலும் இப்படி நடந்துகொள்ள முடியும், நடந்துகொள்ளவும் வேண்டும். இரண்டாவது, அந்த நினைவையே கையில் எடுத்து வேலை செய்யும் சிகிச்சைகள். அவற்றுக்குத் தனிப் பயிற்சி உண்டு, தனித்தனிப் பெயர் உண்டு. உங்கள் தோழி சொல்வது முதலாவது. நல்ல சிகிச்சையாளரிடம் இரண்டும் இருக்கும்.

இதெல்லாம் நேற்று முளைத்த பேச்சு இல்லை. பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய், என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 1980இல். 1992இல் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர், மீட்சியை மூன்று கட்டமாகப் பார்க்கலாம் என்று எழுதினார். முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, கடைசியில் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி சேர்வது. உங்களுக்கு நடந்தது என்னவென்றால், முதல் படி போடாமலே இரண்டாம் படிக்குத் தூக்கிவிட்டார்கள். 2001இல் ஹாரிஸ், ஃபாலட் என்ற இருவர் சேவை அமைப்புகளுக்காக ஐந்து கொள்கைகள் வைத்தார்கள்: பாதுகாப்பு, நம்பகம், தேர்வு, சேர்ந்து செய்தல், வலுவூட்டல். 2014இல் அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிறுவனமான சாம்சா இதையே விரித்து ஆறாக வெளியிட்டது.

பட்டியல் எல்லாம் சரி, எனக்கு இதில் உயிர்நாடி தேர்வு என்பதுதான். யோசித்துப் பாருங்கள். வன்முறையோ விபத்தோ, அந்த நேரத்தில் மனிதரிடமிருந்து பறிபோவது என்ன? "வேண்டாம்" என்று சொன்னால் நிற்கும் என்ற நம்பிக்கை. நிறுத்த முடியாது, எழுந்து போக முடியாது, அடுத்து என்ன என்று தெரியாது. அப்படிப்பட்ட ஒருவரை உட்கார வைத்து, நீ இப்போதே சொல்லியாக வேண்டும் என்றால், பழைய நிலைமையைச் சின்ன அளவில் திரும்ப நடத்திக்காட்டுகிறோம். சொல்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் சரி. அதனால் நான் முதல் நாளில் சம்பவத்தைக் கேட்பதில்லை. என்ன ஏது என்று ஒரு வரி தலைப்பு போதும். தூக்கம் எப்படி, எது நடந்தால் உடம்பு பதறுகிறது, பதறினால் இதுவரை எப்படிச் சமாளித்தீர்கள், வீட்டில் இப்போது பாதுகாப்பா, இதைத்தான் கேட்பேன்.

இதை வாசிக்கும் யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி:

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

இந்தச் சொல் இப்போது எல்லாவற்றிலும் ஒட்டப்படுகிறது. யோகா வகுப்புக்கும் ட்ராமா இன்ஃபார்ம்ட், நிறுவனப் பயிற்சிக்கும் ட்ராமா இன்ஃபார்ம்ட். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, உலகத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வாழ்நாளில் மனதைக் காயப்படுத்தக்கூடிய ஒரு சம்பவத்தையாவது சந்திக்கிறார்கள். அவர்களில் பிடிஎஸ்டி வருவது 5.6 சதவீதம் பேருக்குத்தான். பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுகிறார்கள். எல்லோரையும் காயம்பட்டவர் என்று பார்க்கத் தொடங்கினால், தேறிக்கொண்டிருப்பவரையும் நோயாளி ஆக்கிவிடுவோம்.

என் பெரிய கவலை இன்னொன்று. இந்த நோயின் மையமே தவிர்ப்பு. அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருப்பது, அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது. "நீங்கள் தயாரானதும் பேசலாம்" என்று சிகிச்சையாளரும் சேர்ந்துகொண்டால் அந்த நாள் வரவே வராது. எனக்கு மிக நெருங்கிய ஒருவர் மூன்று வருடம் இதமான ஆலோசனைக்குப் போனார். மூச்சுப் பயிற்சி, நல்ல வார்த்தை. ஒரு அடி நகரவில்லை. அதன் பிறகு, பயந்து ஒதுக்கும் நினைவையும் இடத்தையும் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் நீடித்த எதிர்கொள்ளல் முறையில், எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது, ஒருவரிடம் போனார். வாரம் ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு அமர்வு. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாறினார்.

ஆகவே, சொல்லாமல் குணமாகலாம் என்ற நம்பிக்கையை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

நிழல்மரம்:

கேள்விக்குறி, நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். இதமாகப் பேசியே வருடங்களைக் கடத்துவதை நானும் பார்த்திருக்கிறேன், அது நல்ல சிகிச்சை இல்லை. முதல் கட்டத்தை எவ்வளவு நாள் நீட்டுவது, எல்லோருக்கும் அது வேண்டுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. நேரடியாக நினைவுக்குள் போனாலும் பலர் தாங்குகிறார்கள் என்பவர்கள் உண்டு.

ஆனால் உங்கள் நெருங்கியவருக்கு அந்தப் பன்னிரண்டு அமர்வும் எப்படித் தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். ஏன் இதைச் செய்கிறோம் என்று முதலில் விளக்கியிருப்பார்கள். எதெல்லாம் பயம், எது அதிகம், எது குறைவு என்று அவரையே வரிசைப்படுத்தச் சொல்லியிருப்பார்கள். குறைவானதிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். அதில் அவர் சம்மதம் இருந்தது, வரைபடம் இருந்தது, முடிந்த பிறகு உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. ஜன்னலோரத்துக்கு இதில் எதுவுமே இல்லை. அவருக்கு நடந்தது வெறும் கொட்டல். பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதைப் பரிசீலித்து, பிடிஎஸ்டியைத் தடுக்க அது உதவியதாகத் தெரியவில்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்றது. ஜன்னலோரத்தின் கதை வேறுதான், பழைய காயம். ஆனாலும் "கொட்டித் தீர்த்தால் போதும்" என்ற நம்பிக்கைக்கு அது ஒரு பெரிய எச்சரிக்கை.

ஜன்னலோரம், சொல்லாமல் முடியுமா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு முடியும். பட்ரிசியா ரெசிக் என்ற உளவியலாளரின் அறிவாற்றல் செயலாக்க முறையில் சம்பவத்தை விவரிக்காமலே செய்யும் ஒரு வடிவம் உண்டு. "என் தப்பினால்தான் நடந்தது", "யாரையும் நம்பக்கூடாது" என்று அந்தச் சம்பவம் மனதில் விதைத்துவிட்டுப் போன முடிவுகளை எடுத்துவைத்து, அவை சரியா என்று பார்ப்பார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வு.

ஒரு எச்சரிக்கை. நினைவில் இல்லாத சம்பவத்தையும் தோண்டி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நடக்காதது நடந்ததாக மனதில் பதிந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

அந்திவானம்:

நான் இ.எம்.டி.ஆர். என்ற கண் அசைவுச் சிகிச்சை செய்துகொண்டவன். சாலை விபத்து. கூட வந்த நண்பன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஈர ரோட்டில் டயர் தேயும் சத்தம் கேட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிடும்.

இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் ஷாபிரோ என்ற உளவியலாளர், 1980களின் கடைசியில். எட்டுக் கட்டம் கொண்டது. சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போகும், அதைக் கண்ணால் தொடர்ந்தபடி நினைவை மனதில் வைத்திருக்க வேண்டும். கண் அசைவு உண்மையிலேயே வேலை செய்கிறதா, அது இல்லாமலும் பலன் வருமா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013 வழிகாட்டுதலில் பிடிஎஸ்டிக்கு இதையும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் காயத்தை மையமாக வைத்த வடிவத்தையும் பரிந்துரைத்தது.

நான் சொல்ல வந்தது விரல் பற்றி இல்லை. மூன்றாவது அமர்வு வரைக்கும் விபத்துப் பக்கமே போகவில்லை. அந்த மூன்றாவது நாள் அவர், "நிறுத்த வேண்டும் என்றால் கையை இப்படித் தூக்குங்கள், வாய் திறந்து சொல்லத் தேவையில்லை" என்றார். சரி என்று தலையாட்டினேன். "இல்லை, இப்போது தூக்கிப் பாருங்கள்" என்றார். முன்தினம் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். பாதியில் கை தூக்கினேன். அவர் உடனே நிறுத்தினார். மறுபடி பேசச் சொன்னார், மறுபடி தூக்கினேன், மறுபடி நிறுத்தினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்றே தெரியவில்லை. அந்த வண்டிக்குள் நான் எவ்வளவு கத்தியும் எதுவும் நிற்கவில்லை. இங்கே ஒரு கை தூக்கினால் நிற்கிறது.

தொந்தரவு எவ்வளவு என்று பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள். என்னுடையது ஒன்பதில் தொடங்கியது. கடைசியாகக் கேட்டபோது இரண்டு. நினைவு போகவில்லை, போகவும் வேண்டாம், அதில் என் நண்பன் இருக்கிறான். இப்போது அது நடந்து முடிந்த ஒன்றாக இருக்கிறது. முன்பு அது நடந்துகொண்டே இருந்தது.

இரவுப்பணி:

அந்திவானத்தின் பதிவை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.

நான் மருத்துவமனைச் செவிலியர். எங்கள் வார்டில் ஓர் அம்மா இருந்தார். மூச்சுத்திணறல். ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோனால் கையால் தட்டிவிடுவார். இரண்டு ஷிப்ட் இதே கதை. கோப்பில் "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதியாகிவிட்டது. மூன்றாவது இரவு என் முறை. ஏனோ தோன்றியது, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்தேன். "இதை நீங்களே பிடித்துக்கொள்ளலாம், எவ்வளவு தூரத்தில் வேண்டுமோ அவ்வளவு தூரத்தில். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்" என்றேன். முதலில் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் தானாகவே முகத்தில் வைத்துக்கொண்டார். விடிகாலையில் அவரே சொன்னார், யாரோ ஒரு காலத்தில் அவர் வாயைப் பொத்தியதைப் பற்றி. அரை வாக்கியம்தான். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு நான் சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. நிழல்மரம் சொன்ன அந்த முதல் வகை இதுதான் என்று நினைக்கிறேன். கேள்விக்குறி, எல்லோரையும் காயம்பட்டவராகப் பார்க்கச் சொல்லவில்லை. காயம் இல்லாதவரிடமும் "ஊசி போடப்போகிறேன், எந்தக் கை வேண்டும்?" என்று கேட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காயம் உள்ளவருக்கு அது பெரிய விஷயம். யாருக்கு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே.

உடம்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வு ஒன்று உண்டு, அதன் முதல் கட்ட முடிவு 1998இல் வந்தது. கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவச் சேவை நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து செய்தது, ஃபெலிட்டி, அன்டா ஆகியோர் முன்னின்றார்கள். இரண்டு கட்டமாகப் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துயரங்களைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒன்றாவது உண்டு என்றார்கள். துயரங்களின் எண்ணிக்கை கூடக்கூட இதயநோய், மனச்சோர்வு, போதைப் பழக்கம் எல்லாம் கூடியது. இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு, தனி ஒருவரின் தலையெழுத்து இல்லை. இதைச் சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் தங்கள் துயரங்களை எண்ணி மதிப்பெண் போட்டுப் பார்த்துப் பயந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

காத்திருப்பவன்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என் மனைவிக்கு ஜன்னலோரம் சொன்னது போலவே. சிகிச்சைக்குப் போகிறாள். வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கலாமா? அவள் திடீரென்று உறைந்துபோகும்போது "ஒன்றுமில்லை, அமைதியாக இரு" என்றுதான் சொல்கிறேன். கோபப்படுகிறாள். மாத்திரை ஏதாவது கேட்டுப் பார்க்கலாமா?

இரவுப்பணி:

காத்திருப்பவன், கேட்க வேண்டாம். "நீ எப்போது சொன்னாலும் கேட்பேன், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று ஒரு தடவை சொல்லுங்கள், அது போதும்.

அமைதியாக இரு என்பது அந்த நேரத்தில் உள்ளே போகாது. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா மணி அடித்துவிட்டால், யோசித்து முடிவெடுக்கும் மூளையின் முன்பகுதியின் கை தாழ்ந்துவிடும். உங்கள் வார்த்தையின் அர்த்தம் அப்புறம்தான் எட்டும். குரலின் தொனி முன்னாலேயே எட்டிவிடும். அதனால் மெதுவான குரலில், தெரிந்ததைச் சொல்லுங்கள். "நான்தான். நாம் வீட்டில் இருக்கிறோம். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை." கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லலாம், காலைத் தரையில் அழுத்தச் சொல்லலாம். தொடுவதற்கு முன் கேளுங்கள். பின்பக்கமாக வராதீர்கள், வந்தால் வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டு வாருங்கள். இதில் எது அவருக்கு உதவும் என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை பற்றி மனநல மருத்துவரிடம்தான் பேச வேண்டும். செர்ட்ராலின், பரோக்செட்டின் போன்றவை பிடிஎஸ்டிக்குக் கொடுக்கப்படுகின்றன, சிலருக்கு நன்றாக உதவுகின்றன. ஆனால் பதற்றத்தை உடனே அடக்கும் பென்சோடயசபின் வகை மாத்திரைகளைப் பிடிஎஸ்டிக்கு வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. யாரோ கொடுத்தார்கள் என்று எடுத்துவிட வேண்டாம். ஏற்கெனவே எடுப்பவர் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கேள்விக்குறி:

நிழல்மரம் சொன்னது போலக் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். முதல் இரண்டு அமர்வும் விளக்கமும் பட்டியலும்தானாம். பட்டியலில் கடைசியில் இருந்ததற்கு அவர் எட்டாவது வாரம்தான் போயிருக்கிறார், அதுவும் போகலாம் என்று அவரே சொன்ன பிறகு. இது எனக்குத் தெரியாமல் இருந்தது. "எதிர்கொள்ள வைத்தார்கள்" என்று நானாக ஒரு வடிவம் கொடுத்து வைத்திருந்தேன்.

ஆனாலும் ஒன்றில் நான் மாற மாட்டேன். ஜன்னலோரம், புதியவரிடம் முறையின் பெயரைக் கேளுங்கள். "ட்ராமா இன்ஃபார்ம்ட்" என்பது பதில் இல்லை. எந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றார், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், முன்னேற்றத்தை எப்படி அளப்பார், எத்தனை வாரத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பீர்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர் உங்களுக்கு வேண்டாம்.

ஜன்னலோரம்:

நேற்று போனேன். தொலைபேசியிலேயே கேள்விக்குறி சொன்ன நான்கையும் கேட்டுவிட்டேன், தாளில் எழுதி வைத்துக்கொண்டு. அவர் சுளிக்கவில்லை. கதை வழி எதிர்கொள்ளல் என்ற முறையில் பயிற்சி பெற்றவராம்.

அறையில் மூன்று நாற்காலி. எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். கதவு தெரிகிற மாதிரி இருந்ததில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் மேசை நகர்த்தும் சத்தம் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார், பத்து நிமிடத்தில் வந்தது, எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. அப்புறம் "இன்றைக்கு அந்த விஷயத்தைப் பேசப்போவதில்லை. நீங்களாக ஆரம்பித்தாலும் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன்" என்றார். போன வருடத்து அனுபவத்தைத்தான் பெரும்பாலும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். கடைசி பத்து நிமிடம் கிளம்புவதற்காகவே ஒதுக்கினார். எப்படிப் போகிறீர்கள், வண்டி ஓட்டுகிற நிலையில் இருக்கிறீர்களா, இரவு யார் கூட இருப்பார்கள் என்று கேட்டார்.

தூக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை மறுபடி போகிறேன். போகாமல் இருக்கக் காரணம் தேடவில்லை.

கிளம்பும்போது, மூன்று நான்கு வாரம் போகட்டும், கயிறும் கல்லும் பூவும் வைத்து ஒன்று செய்யலாம் என்றார். கேட்க மறந்துவிட்டேன். அது என்ன, யாருக்காவது தெரியுமா?

நிழல்மரம்:

தெரியும். நீங்கள் சொன்ன கதை வழி எதிர்கொள்ளலில் வருவதுதான் அது. ஜெர்மனியில் ஷவர், நொய்னர், எல்பர்ட் என்ற மூவர் உருவாக்கிய முறை. போரிலிருந்தும் சித்திரவதையிலிருந்தும் தப்பி வந்த அகதிகளோடு வேலை செய்து உருவானது. ஒன்றுக்கு மேற்பட்ட காயங்கள் வருடக்கணக்கில் சேர்ந்திருப்பவர்களுக்குப் பொருந்தும்.

தரையில் ஒரு கயிறு. ஒரு முனை நீங்கள் பிறந்த நாள். அங்கிருந்து வருட வரிசையில் வருவீர்கள். கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல், நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ. பெரிய கல்லா சின்னக் கல்லா என்பது உங்கள் முடிவு. அன்றைக்கு எந்தக் கல்லையும் திறந்து பேசமாட்டார்கள், இங்கே ஒன்று இருக்கிறது என்று பெயர் மட்டும் வைப்பீர்கள். பின்னால் வரும் அமர்வுகளில் ஒவ்வொன்றாக, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதோடு சேர்த்துச் சொல்வீர்கள், அவர் அதை எழுதிக்கொள்வார். கல் மட்டும் தனியாகக் கிடக்காமல் ஒரு வாழ்க்கைக்குள் தன் இடத்தில் போய் உட்காரும். கயிற்றின் மறுமுனையை முழுதாக விரிக்க மாட்டார்கள். சுருட்டியபடியே விட்டுவிடுவார்கள், அது இனி வரப்போகிற வருடங்கள்.

ஜன்னலோரம்:

பூ எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாமா?

நிழல்மரம்:

வைக்கலாம். இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிடுங்கள்.